கிளிப்பச்சையில் ஒரு கரட்டுக்காடு

என் தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கச் சங்ககிரிக்குப் போன அன்று, நான் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியதும் தங்கை ஆசையாக, "எப்படிக்கா இருக்கறாரு?" என்று கேட்டபோது, மீசை இருந்ததா இல்லையா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபம் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றி அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்று அப்பா, பெரிய மாமா, மாமாவின் மனைவி, என் கணவர், நான் என்று ஐந்து பேராகக் கிளம்பினோம். திருச்செங்கோட்டில் பஸ் மாறி, சங்ககிரிக் கோட்டை மலை தெரிய ஆரம்பித்ததும் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, மீசையை நீவிக்கொண்டார். வசதியான இடம், லாரி வைத்திருக்கிறார்கள், நிலம் மட்டும் இல்லை என்று தரகர் சொல்லியிருந்தார். "நெலம் இல்லாதவன் ஊட்டுக்கா?" என்று முதலில் முறுக்கிக்கொண்டவர், லாரி ஒன்றல்ல, இரண்டு என்றதும் இறங்கி வந்திருந்தார். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. அவருடைய முன்கோபம், வீம்பு, வாயடக்கம் இல்லாமை எல்லாம் எனக்கும் அப்படியே வந்திருக்கின்றன.

வாசலிலேயே ஒரு லாரி முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றது. கிரீஸ் வாடை. ஆனால் உள்ளே வீடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. குடும்பத்தை நடத்துகிறவள் மாப்பிள்ளையின் அம்மா. வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, ஒல்லியான உடம்பு, ஓயாத கைகள். எங்களைப் பார்த்ததும் அப்பாவை "வாங்கண்ணா" என்றாள். பெண் கொடுக்கிறவர் முறையில் அண்ணன்தான். அதனால் நான் அவளை அத்தை என்று கூப்பிட்டேன். அந்த வார்த்தை எனக்கு உடனே பொருந்திவிட்டது. சில பேரைப் பார்த்ததுமே பிடித்துப்போகும், அந்த மாதிரி.

கூடத்துச் சுவரில் அத்தையின் இறந்துபோன கணவர் படம் மாலையோடு இருந்தது. அந்தக் காலத்தில் கலர் படம் ஏது? கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெரிதாக்கி, அதன் மேல் கையால் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள். அவருடைய உதடுகளுக்கு நாடகக்காரர் மாதிரி ரோஜாச் சிவப்பு தீட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆளே இல்லாத ஒரு படம். வெறும் இடம். மேலே நீலவானம், பின்னால் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குன்று, முன்னால் கண்ணைப் பறிக்கிற கிளிப்பச்சையில் வயல். வயலோரமாகச் செம்மண் பாதை. பாதை ஓரத்தில் கோயில் வாசல் போலக் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த இரண்டு தூண்கள், தூண்களுக்கு மேலே குறுக்காக ஒரு கல்.

சாமி படமோ ஆள் படமோ இல்லாமல் ஒரு வயலைப் படமாக மாட்டி வைத்திருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமாவின் மனைவி, "இது எந்தக் கோயிலுங்க?" என்று கேட்டாள். நான் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் ஒரு உருண்டைப் பாறை, அதன் மேல் சாய்ந்தாற்போல ஒரு நீளப் பாறை. உரலில் உலக்கையைச் சாத்தி வைத்தது மாதிரி. அந்த உரலையும் உலக்கையையும் நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கத்தரிப்பூ நிறத்தை மனதுக்குள் துடைத்துப் பார்த்தேன். பச்சையையும் துடைத்தேன். பட்டை அடித்த தூண்களிலிருந்து காவியையும் வெள்ளையையும் எடுத்துவிட்டேன். எங்கள் கரட்டுக்காடு.

எங்கள் பக்கத்தில் காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலத்தைத்தான் காடு என்போம். கரடு என்றால் குன்று. எங்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிப் போகிற தூரத்தில், கரட்டின் அடிவாரத்தில் அந்த நிலம் எங்களுக்கு இருந்தது. கம்பு போடுவோம், கடலைக்காய் போடுவோம். அறுப்புக் காலத்தில் அம்மாவும் நாங்களும் அங்கேயே சாளையில், ஓலைக் குடிசையில், தங்குவோம். எனக்கு ஒரே சந்தோஷம். முன்பின் தெரியாத வீட்டில், தங்கை வாழப்போகிற இடத்தில், நம் நிலம் சுவரில் தொங்குகிறதே! சொல்லிவிடுவதற்கு வாயைத் திறந்துகொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அழுக்கு ஒன்றும் இல்லை. துடைத்து மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் விருந்தாளிகளுக்கு முன்னால் நான் இரண்டாவது முறுக்குக்குக் கை நீட்டினால் பார்ப்பாரே, அதே பார்வை. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். ஆனாலும் வாய் தானாக மூடிக்கொண்டது.

அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்தப் படத்தைப் பற்றி அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள். நாமக்கல் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அவள் அதைச் சொல்வாளாம். அது அவளைப் பெற்ற அப்பாவின் காடு. அவள் அம்மா இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே, பிரசவம் ஆகாமல் இறந்துபோனாள். அப்போது இவளுக்கு நடை பழகிப் பேச்சு வந்திருந்த வயது. பிள்ளையோடு போனவளின் பாரத்தை யாராவது இறக்கி வைக்க வேண்டும் என்று, நம் பக்கத்து வழக்கப்படி அவள் அப்பா காட்டு ஓரத்தில் ஒரு சுமைதாங்கி நட்டார். தலைச்சுமையோடு வழி நடக்கிறவர்கள் சுமையை அதன் மேல் இறக்கி இளைப்பாறினால், செத்தவளுடைய வயிற்றுப் பாரமும் இறங்கும் என்று நம்பிக்கை. படத்தில் கோயில் வாசல் மாதிரி தெரிகிறதே, அதுதான் அந்தச் சுமைதாங்கி. சேலத்தில் வண்ணம் பூசியவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, கோயிலாக்கிவிட்டார்.

தாயில்லாப் பிள்ளையைச் சங்ககிரியில் இருந்த தாய்மாமன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அவள் அப்பா அந்தக் காட்டிலேயே தனியாக இருந்தார். நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்காரர் சுமைதாங்கியில் சாய்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, போகும்போது ஒரு படம் எடுத்தார். தபாலில் அனுப்பியும் வைத்தார். பிறகு மழை பொய்த்தது. அவர் நிலத்தை யாரோ நாமக்கல் பக்கத்துக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கையில் அந்தப் படத்தோடு மகளிடம் வந்து சேர்ந்தார். வந்த கொஞ்ச நாளில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தாய்மாமனுக்கும் அவருக்கும் ஆகாது. அவர் ஊர்ப் பேச்சை எடுத்தாலே அந்த வீட்டில் சண்டை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் இவளால் கேட்க முடியவில்லை. கேட்கத் துணிந்தபோது சொல்ல யாரும் உயிரோடு இல்லை. ஊர்ப் பெயர்கூட மனதில் நிற்கவில்லை. கரடும் சுமைதாங்கியும் மட்டும்தான் கையில் இருந்தன, அதுவும் படமாக.

"ஒரு வண்டி கம்புக்கு எழுதிக் குடுத்தாருங்க," என்றாள். "வாங்குனவரு மேல எனக்கு வருத்தமே இல்லீங்க. அந்தக் கம்பைத் தின்னுதான் நான் பொழச்சு நிக்கறேன். எனக்கு அந்த நெலமெல்லாம் வேண்டாமுங்க. எங்கம்மா கல்லுக்கு ஒரு நாளு வெளக்கு வெக்கோணும், அவ்வளவுதானுங்க."

ஒரு வண்டி கம்பு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கரட்டுக்காட்டை ஒரு வண்டிக் கம்புக்கு வளைத்துப் போட்ட கதையை அப்பா எங்கள் வீட்டில் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்! கல்யாண வீட்டுப் பந்தியில், சந்தையில், வெற்றிலை போடுகிற இடத்தில் எல்லாம் சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். கேட்கிறவர்கள் "கெட்டிக்காரரு" என்பார்கள். நாங்களும் கூடச் சிரித்திருக்கிறோம். கொடுத்தவருக்கு ஒரு மகள் இருப்பாள், அவள் எங்கேயோ அந்தக் கம்பைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அது மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுமைதாங்கி இப்போது இல்லை. நான் பாவாடை கட்டிய வயதில், பாதை வேறு பக்கமாக மாறி அந்த வழியே ஆள் நடமாட்டம் நின்றுபோனபோது, அப்பா ஆள் வைத்து மேல் கல்லை இறக்கிக் காட்டுக் கிணற்றடியில் போட்டார். துணி துவைக்கிற கல்லாக. இரண்டு கால் கல்லும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன, மாடு கட்ட வசதியாக. யாருக்கு நட்ட கல் என்று நாங்கள் கேட்கவில்லை. சுமைதாங்கி யாருக்கு நடுவார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் கேட்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, அறுப்புக்குச் சாளையில் தங்கியிருந்தபோது, வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கல்லில்தான் துவைத்தேன். பிறகு பிள்ளையின் மூத்திரத் துணிகளை அதில்தான் அடித்தேன்.

அத்தை எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் வந்தவர்கள் ஒருவர் கொல்லிமலை அடிவாரம் என்றாராம், ஒருவர் ராசிபுரத்துக்கு வடக்கே என்றாராம். கோயில் தூணைப் பார்த்துவிட்டு ஏதேதோ கோயில்களைச் சொன்னவர்களும் உண்டு. சொன்ன இடத்துக்கெல்லாம் லாரி அந்தப் பக்கம் லோடு ஏற்றிப் போகும்போது இவளும் ஏறிப் போய், படத்தை மடியில் வைத்துக்கொண்டு கரடு கரடாகப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அப்பாவிடம் அவளைப் பெற்றவரின் பெயரைச் சொன்னாள். கேள்விப்பட்டது உண்டா என்று கேட்டாள்.

அப்பா மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். அப்படி ஒரு பேரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். பிறகு எழுந்து, படத்துக்குக் கிட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். எவ்வளவு நேர்த்தியான நடிப்பு!

"இது நம்ம பக்கத்துக் காடாட்டத் தெரீலீங்க. வயலு பாருங்க, பச்சப்பசேல்னு நிக்குது. மோகனூருக்கு அக்கட்டால, ஆத்தோரமா இருக்குமுங்க."

ஆற்றோரத்தில் அப்படி ஒரு கரடு கிடையாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பூசின பச்சை அவருக்கு வசதியாகப் போய்விட்டது. அத்தை தலையை ஆட்டிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு அண்ணனான தன் மூத்த மகனைப் பார்த்து, "மோகனூருப் பக்கம் நாம போகவே இல்லையே சாமி," என்றாள். அவள் குரலில் புதிதாக ஒரு நம்பிக்கை வந்திருந்தது. அடுத்த லோடு எப்போது என்று அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்பா ஏன் பொய் சொன்னார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, துவைகல்லாகிக் கிடக்கிற கல்லை எப்படிக் காட்டுவது? இந்தச் சம்பந்தம் முறிந்தால் தங்கைக்கு இப்படி ஒரு இடம் மறுபடி அமையாது. நானும் இதையெல்லாம் எண்ணித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என் மேல் வந்ததுதான்.

சாப்பாடு போட்டார்கள். அத்தை எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பால் கொடுக்கிறவள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நெய்யை ஊற்றினாள். கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டு வந்தாய், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். நான் நெய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாப்பிள்ளை வந்து எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெற்றிலைத் தட்டு வந்தது. பேச்சு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நாள் பார்ப்பதைப் பற்றி மாமா ஆரம்பித்துவிட்டார். அப்பா சாய்ந்து உட்கார்ந்து புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பிழைத்துவிட்டோம் என்ற நிம்மதி அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மூத்த மகன் பேச்சுவாக்கில் அந்தப் படத்துக்கு வண்ணம் போட்ட கதையைச் சொன்னார். அம்மாவுக்குத் தெரியாமல் அந்தச் சின்னப் படத்தைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கினாராம். என்னென்ன நிறம் வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் கேட்டபோது, அம்மா பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும், வயல் முழுக்க நெல் போட்டுவிடுங்கள் என்றாராம். சேலத்திலேயே அவரைப் போல வண்ணம் பூச ஆள் இல்லை, நேரில் பார்த்தாலும் அந்த இடம் இப்படித்தான் இருக்கும் என்றார்.

யாராவது வெள்ளாமையைப் பற்றித் தப்பாகச் சொன்னால் எங்கள் அப்பாவால் பொறுத்துக்கொள்ள முடியாது. எழவு வீட்டில்கூட எழுந்து திருத்துவார். புகையிலை ஊறிய வாயோடு சிரித்தார். வண்ணம் பூசினவனுக்கு வெள்ளாமை தெரியவில்லை என்றார்.

"அந்த மண்ணுல நெல்லு எங்கீங்க தம்பி வரும்? மேக்கால மூலை முச்சூடும் ஓடைக்கல்லு. கெணத்துத் தண்ணி உப்பு. கம்பு முழங்காலுக்கு மேல ஏறுனாலே பெருசு."

சொல்லி முடித்துவிட்டுப் புகையிலையை மென்றார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உடனே தெரியவில்லை. மாமா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய கையை அப்படியே நிறுத்தினார். உள்வாசலில் நின்றுகொண்டிருந்த அத்தை படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"மேக்கால மூலை படத்துலயே இல்லீங்களேண்ணா," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். படத்தில் கிணறும் இல்லை. அப்பா கழுத்து வரைக்கும் சிவந்துபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூத்த மகன் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் மாறிய மாற்றத்தில், சம்பந்தம் அத்தோடு முடிந்தது, வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் சில சமயம் தோன்றும். திட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

அப்பா தடுமாறினார். இப்போதுதான் பிடிபடுகிறது என்றார். பச்சையைப் பார்த்துக் குழம்பிவிட்டேன் என்றார். பார்வை முன்னைப் போல இல்லை என்றார். ஒரு பொய்க்கு மேல் ஒரு பொய்யாக அடுக்கிக்கொண்டே போனார். கூடத்தில் இருந்த ஒருவரும் அதை நம்பவில்லை. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் மகனைக் கையமர்த்தி உட்கார வைத்தாள். வயதானால் அப்படித்தான், வண்ணம் பூசினதில் யாருக்குத்தான் அடையாளம் தெரியும் என்று அப்பாவுக்காக அவளே சமாதானம் சொன்னாள். அப்பா அதையும் பிடித்துக்கொண்டு, ஆமாங்க ஆமாங்க என்றார்.

பிறகு அவள் நேராக என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லு சாமி. எங்கம்மா கல்லு இருக்குதா?"

எல்லோருக்கும் முன்னால் என்னவென்று சொல்வது? "இருக்குதுங்கத்தை," என்றேன். அது பொய் இல்லை. கல் இருந்தது. அவள் என் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றியில் விரல்களை மடக்கித் திருஷ்டி கழித்தாள். அம்மா இருக்கிற மண்ணிலிருந்து மருமகள் வருகிறாள், இதற்கு மேல் எனக்கு என்ன ஜாதகப் பொருத்தம் வேண்டும் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். அழுதாள். வருகிற வெள்ளிக்கிழமை காட்டுக்கு வருவதாகச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். திருச்செங்கோடு தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். இப்போது காட்டைப் பார்த்துக்கொள்கிற குத்தகைக்காரனுக்கு இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும், கடப்பாரையும் வடமும் வேண்டும் என்றார். இனி இந்த மனுஷரோடு பேசுவதில்லை என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டேன். மறுநாள் அவரோடு ஒரே வண்டியில் ஏறிக் கரட்டுக்காட்டுக்குப் போனேன். என் சபதங்கள் எல்லாம் இந்த லட்சணம்தான்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு அன்றைக்கு முழுக்க எங்கள் யாருடைய முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அந்தக் கல்லில் எங்களில் எல்லோரையும்விட அதிகமாகத் துவைத்தவள் அவள்தான். ஆனால் காட்டுக்கு எங்களோடு வந்தாள். ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். அடியில் தவளைகள் இருந்தன. மேல்பக்கம் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, விளிம்பில் இருந்த வெடிப்புகளில் துணிக்குப் போடுகிற நீலம் ஏறியிருந்தது. அம்மாவும் நானும் உட்கார்ந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கக் கல் இன்னும் மினுமினுத்தது. வெடிப்பில் இருந்த நீலத்தை அம்மா ஊக்கால் குத்திக் குத்தி எடுத்தாள். யாரும் பார்க்காத நேரம் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கால் கற்களிலிருந்து மாட்டுக் கயிற்றுத் தடத்தையும் சாணியையும் கழுவி, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மேல் கல்லைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அப்பா தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கையாலேயே ஆட்களுக்குச் சாடை காட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தை லாரியின் முன்சீட்டில் வந்து இறங்கினாள். மடியில் அந்தப் படம், கண்ணாடிச் சட்டத்தோடு. இறங்கியவள் சுமைதாங்கிக்கு வரவில்லை. படத்தை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக் கரட்டைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்தாள். பிறகு இடப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தாள். உரல் பாறையும் உலக்கைப் பாறையும் படத்தில் இருப்பது போலவே சேர்ந்து வந்த இடத்தில் நின்றாள். அந்த வெள்ளைக்காரர் நின்ற இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கம்பு அறுத்த தாள் நிற்கிற செங்காடு, நடுவில் நரைத்த சுமைதாங்கி, சாம்பல் நிறத்தில் கரடு. பச்சை என்று சொல்ல ஒரு எருக்கஞ்செடிதான் இருந்தது. படத்தைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள். மகனைக் கூப்பிட்டு, நீ நெல் போட்ட லட்சணத்தைப் பார் என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வேறு எந்த முகத்திலும் கண்டதில்லை. அதைப் பார்க்க எங்களுக்கு என்ன தகுதி இருந்தது?

படத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, மஞ்சளும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கல்லுக்கு வந்தாள். முதலில் எதுவும் பூசவில்லை. உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது போல மெல்லத் தடவினாள். கை வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் தடவினாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மழையிலும் வெயிலிலும் கிடக்கிற எந்தச் சுமைதாங்கிக் கல்லும் அப்படி வழவழப்பாக இருக்காது. சொரசொரவென்றுதான் இருக்கும்.

அத்தை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள்.

"இத்தன வருசமா எண்ணெ பூசிப் பூசி வெச்சிருக்கறீங்கண்ணா. இல்லீன்னா கல்லு இப்பிடி ஆகாதுங்க. கூடப் பொறந்தவங்ககூடச் செய்ய மாட்டாங்க."

அப்பா இல்லை என்று சொல்லவில்லை. பதிலுக்கு அவரும் கை கூப்பினார். அத்தை கல்லின் நட்டநடுவில், நான் என் பிள்ளையின் துணிகளை அடித்துத் துவைத்த இடத்தில், விளக்கை வைத்துத் திரியை ஏற்றினாள்.